கறித்தூளின் சேர்மானத்தைப் பார்த்துச் செய்தால் அது களவா?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன், தங்கச்சி. புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டில் வைத்துக் கறித்தூள் வறுத்து, அரைத்து, பொதி செய்து விற்கிறீர்கள். எட்டு மாதம் உங்களோடு நின்று வேலை பழகிய பிள்ளை இப்போது இரண்டு கட்டை தள்ளித் தனியாகத் தொடங்கிவிட்டாள். அதே சேர்மானம், அதே வறுவல், பொதியின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதிய அதே வரிகள், விலை மட்டும் முப்பது ரூபா குறைவு. "இது களவுதானே, பொலிசில் முறைப்பாடு கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "என் வீட்டுச் சோறு தின்ற பிள்ளை" என்றும் ஒரு வரி இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் கேள்வி போலப் பட்டது. சட்டம் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். அந்தப் பிள்ளை உங்களுக்குச் செய்தது என்ன, அதை எந்தச் சொல்லால் சொல்வது என்பது இன்னொரு பக்கம். தெரிந்த அளவில் இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெண்களுக்கு உணவு பதனிடல் பழக்கி வருகிறேன். ஊறுகாய், வடகம், மோர்மிளகாய், ஒடியல் மா, கறித்தூள் என்று வீட்டில் செய்து விற்கக்கூடியவை எல்லாம். இந்த வேலையில் உங்களுடையது போன்ற சண்டைகள் வருடத்துக்கு இரண்டு மூன்றாவது என் முன்னால் வந்து நிற்கும். அக்கா தங்கச்சிக்கு இடையில் வந்திருக்கிறது, ஒரே மாதர் சங்கத்துக்குள் வந்திருக்கிறது. அதற்காகத்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பிரிவு இலக்கத்தோடு கீழே நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விடயத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சொல்லும் இடங்களில் மட்டும் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

முதலில் பொலிஸ். எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு களவை விளக்குகிறது. ஒருவருடைய கைவசம் இருக்கும் அசையும் பொருளை, அவருடைய சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதற்காக நகர்த்துவதுதான் களவு. அந்தப் பிள்ளை உங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோ தூளைக் கொண்டுபோயிருந்தால் அது களவு. அளவு எழுதிவைத்த கொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் கொப்பிக்கு அது களவு. அளவை மனதில் வைத்துக்கொண்டு போனதில் உங்கள் கையிலிருந்து எதுவும் நகரவில்லை. நேற்றுத் தெரிந்த அளவு இன்றைக்கும் உங்களுக்குத் தெரியும், உங்கள் தாச்சியில் அதே மணம்தான் எழும்பும். பொலிசுக்குப் போனால் பெரும்பாலும் "இதில் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். போனது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசும் வழியும் அடைபட்டுவிடும். ஆகவே அந்தப் படியை ஏறாதீர்கள்.

அடுத்தது புலமைச் சொத்துச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம். அதில் 8ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: எண்ணம், செயல்முறை, முறைமை, கோட்பாடு, வெறும் தரவு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை, அவை ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தாலும் இல்லை. மல்லி இவ்வளவு, செத்தல் மிளகாய் இவ்வளவு, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஒரு பிடி, மல்லியைத் தனியாக வறு, மிளகாயைக் கடைசியில் போடு என்பதெல்லாம் ஒரு செயல்முறை. அதைப் பார்த்து யாரும் செய்யலாம். அமெரிக்காவிலும் இதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. தயிர்ச் சமையல் குறிப்புகளைப் பற்றி இரண்டு பதிப்பகங்கள் வழக்காடியபோது, 1996இல் அங்கே ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் பொருட்களின் பட்டியலுக்கும் வெறும் செய்முறைக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்றது. அந்தத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றத்தைக் கட்டாது. ஆனால் அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான்.

ஆனால் பொதியின் பின்பக்க வரிகளின் கதை வேறு. "அம்மம்மா உரலில் இடித்த காலத்து மணம்" என்று தொடங்கி நீங்கள் எழுதிய அந்த ஐந்து வரியும் உங்கள் சொற்கள், உங்கள் ஆக்கம். அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உண்டாகிவிடும். எழுதியவர் வாழும் காலமும் இறந்து எழுபது வருடமும் அது நிற்கும். முன்பக்கத்தில் போட்ட படம் நீங்களே எடுத்ததோ வரைந்ததோ என்றால் அதுவும் உங்களுடையது. வேறொருவர் வரைந்து தந்தது என்றால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துப் போட்டிருப்பது உண்மையானால், இந்த ஓர் இடத்தில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. தூளைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டு இந்த வரிகளை ஓர் ஓரமாகத்தான் சொல்லியிருந்தீர்கள். சட்டத்தின் கண்ணில் நிறை அப்படியே மாறிக் கிடக்கிறது.

இந்த வேறுபாடு எனக்கு என் தோலில் பட்டுத்தான் விளங்கியது. பல வருடங்களுக்கு முன் தேசிக்காய் ஊறுகாய்க்கு நான் ஒரு கைநூல் எழுதினேன். உப்பில் போட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் அதே சாற்றில் திரும்பப் போடும் முறை. வன்னியில் எல்லா வீட்டிலும் அதுதான் முறை, நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஆனால் புதிதாகப் பழகுபவர் எங்கே பிழை விடுவார், பூஞ்சணம் பிடிக்கிறது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது, போத்தலை எப்படி அவிப்பது என்று நாலு இரவு இருந்து எழுதினேன். அடுத்த வருடம் ஒரு நிறுவனம் அந்தக் கைநூலை எழுத்துப் பிழையோடு சேர்த்து அப்படியே அச்சடித்து, தன் சின்னத்தைப் போட்டுக் கொடுத்தது. ஊறுகாய் முறையை அவர்கள் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் வரவில்லை. என் வசனங்களை என் பெயரில்லாமல் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு நான் போய்க் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

இனி, சந்தேகமான இடம். அதே சட்டத்தில் 160ஆம் பிரிவு நியாயமற்ற போட்டியைப் பற்றியது. அதில் "வெளிப்படுத்தப்படாத தகவல்" என்று ஒன்று இருக்கிறது, அதாவது தொழில் இரகசியம். பெரிய கம்பனிகள் பல தங்கள் சேர்மானத்தைக் காப்பாற்றுவது இந்த வழியில்தான். ஆனால் இரகசியம் என்று சொன்னால் போதாது. அது வெளியில் பொதுவாகத் தெரியாததாக இருக்கவேண்டும், தெரியாமல் இருப்பதால் அதற்கு ஒரு வியாபாரப் பெறுமதி இருக்கவேண்டும், அதை மறைத்துவைக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருக்கவேண்டும். வழமையான பொருட்களுக்கு மேல் "இன்னொன்றும்" சேர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது என்னவென்று எழுதவில்லை, எழுதாதது மிக நல்லது. இப்போது என்னுடைய கேள்விகள்: அந்தப் பொருளை அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே நிறுத்துப் போட்டீர்களா? "இதை வெளியில் சொல்லக்கூடாது" என்று ஒரு தரமாவது சொன்னீர்களா? ஒரு கடதாசியிலாவது கையெழுத்து வாங்கினீர்களா? எல்லாச் சரக்கையும் ஒன்றாகக் கலந்து சந்தி மில்லில் அரைக்கக் கொடுக்கிறீர்களா? மில்லில் வரிசையில் நிற்கும் பத்துப் பேரும் கடகத்துக்குள் எட்டிப் பார்த்திருந்தால், அது இரகசியம் என்று ஒரு நீதவானை நம்பவைப்பது கடினம். வாய்ச்சொல்லாகவாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் இடம் இருக்கலாம், இருக்கலாம் என்ற அளவுக்குத்தான்.

அந்த இரகசியத்துக்கும் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட தொழிலுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதை நீங்கள் மனதார ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்கிறேன். மல்லி வெடிக்கும் சத்தம் எப்போது மாறுகிறது, செத்தலின் நிறம் எந்த இடத்தில் நிற்கவேண்டும், வறுத்ததை எவ்வளவு ஆறவிட்டு அரைத்தால் தூள் கட்டிபடாது என்பதெல்லாம் எட்டு மாதம் அடுப்படிப் புகையில் நின்று அவள் உழைத்துப் பெற்ற கைப்பழக்கம். கூலி கொடுத்தீர்கள் என்பதற்காக அந்தக் கை உங்களுடையதாகிவிடாது. மேசன் வேலை பழகியவன் சுவர் கட்டக்கூடாது என்று யாரும் சொல்வதில்லையே. உங்களுடையது என்று நீங்கள் சொல்லக்கூடியது அந்த "இன்னொன்று"ம் அதன் அளவும் மட்டும்தான்.

பதனிடல் பக்கத்தால் ஒரு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நித்திரை வர உதவும். அளவு தெரிந்தால் சுவை வந்துவிடாது. செத்தல் மிளகாய் ஒவ்வொரு போகத்துக்கும் உறைப்பு மாறும், ஈரம் மாறும். போன தரம் பொருந்திய அளவு இந்தத் தரம் பொருந்தாது. நாவில் வைத்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பவர் நீங்கள். அவள் இப்போது உங்களிடம் பார்த்த அளவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்கிறாள், முப்பது ரூபாவும் குறைத்து விற்கிறாள். மிளகாய் விலை ஏறும் மாதத்தில் அந்த முப்பது ரூபாவை எங்கே பிடிப்பாள் என்று நினைக்கிறீர்கள்? வறுவலில் பிடிக்கமுடியாது, சரக்கில்தான் பிடிப்பாள். அப்போது வாடிக்கையாளர் திரும்பி வருவதைப் பல தரம் கண்டிருக்கிறேன். எல்லாத் தரமும் கண்டேன் என்று சொல்லமாட்டேன், திரும்பி வராமல் மூடிய இடங்களும் உண்டு.

கோபப்படாமல் இதையும் கேளுங்கள். நாங்கள் வன்னியில் இன்றைக்குச் சாப்பிடுவது எல்லாமே பார்த்துச் செய்ததுதான். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் கூடாரங்களில் இருந்தபோது, மன்னார்க் கரையிலிருந்து வந்தவரின் மீன் பக்குவத்தை முல்லைத்தீவுக்காரி பழகினாள், அவளுடைய இறால் கறியைக் கிளிநொச்சி வயல்காரி பழகினாள். கொப்பிகளும் உரலும் அம்மியும் வழியெங்கும் விட்டுப்போன பிறகு, சேர்மானங்கள் ஆட்களின் மனதில் மட்டும்தான் தப்பிவந்தன. ஒருவருக்கு மறந்ததை மற்றவர் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சுகிற முள்ளிவாய்க்கால் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். அரிசி, தண்ணீர், உப்பு. அதை யாருடையது என்று கேட்க முடியுமா? விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களுக்குப் போனால் பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தோசையும் பிட்டும் செய்கிறார்கள். அடுத்த அடுப்பைப் பார்க்காமல் அங்கே ஒரு நாள் வேலை செய்ய முடியாது. பார்த்துச் செய்வதையே களவு என்றால் எங்கள் அம்மாமாருக்கு முதலில் அந்தப் பெயர் போய்ச் சேரும்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது இதற்கு எதிர்ப்பக்கம். எல்லோருடையதையும் ஒருவர் தனது என்று வேலி அடைப்பது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று எங்கள் எந்த ஆச்சிக்கும் தெரியும். அதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிலையம் ஆக்கவுரிமை, அதாவது பேட்டண்ட், வாங்கியது. இந்தியாவின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய ஏடுகளை ஆதாரம் காட்டி எதிர்த்து, 1997இல் அது நீக்கப்பட்டது. வீட்டுக் கறித்தூளுக்கு ஆக்கவுரிமை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அதற்குப் புதுமை வேண்டும், துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாத ஒரு படி வேண்டும், சேர்மானத்தை முழுவதுமாக எழுதிக் கொடுக்கவும் வேண்டும். கிடைத்தால் இருபது வருடம், அதன் பின் எல்லோருக்கும் பொது. உங்களுக்கு அது வேலைக்காகாது.

அப்படியென்றால் அந்தப் பிள்ளை பிழையே செய்யவில்லையா? செய்திருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். பழைய கிரேக்க நூல் ஒன்றில் சிபாரிஸ் என்ற நகரத்தைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு: புதிதாக ஒரு கறியைக் கண்டுபிடித்த சமையற்காரர் மட்டும் ஒரு வருடத்துக்கு அதைச் செய்யலாம், அதன் பின் யாரும் செய்யலாம் என்று அங்கே சட்டம் இருந்ததாம். உண்மையில் இருந்ததோ தெரியாது, ஆனால் அதை வாசித்தபோது நியாயமாகப் பட்டது. தமிழில் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்தார்கள். வழிநூல் செய்பவரை யாரும் கள்ளர் என்றதில்லை, எந்த வழியில் வந்தது என்பதை மறைக்காத வரைக்கும். அவள் உங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. வாடிக்கையாளரிடமும் "அக்காவிடம் பழகினேன்" என்று சொல்லவில்லை. உங்கள் சொற்களையே எடுத்துத் தன்னுடைய அம்மம்மாவின் கதையாக்கினாள். இதற்கு நான் களவு என்ற சொல்லைப் போடமாட்டேன். நன்றி கெட்டதனம், நம்பிக்கையை உடைத்தது என்று சொல்வேன். உங்களுக்கு நோகிறது என்றால் அது நோகத்தான் வேண்டும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதையும் நான் யோசித்தேன். நான் பழக்கும் மோர்மிளகாயில் உப்பை இரண்டு தரமாகப் போடுவேன், பாதியை முதல் இரவும் மீதியை மூன்றாம் இரவும். எருமைத் தயிரில் கடைந்த மோர்தான். தோல் வாரடிக்காது, பொரித்தால் மொறுமொறு என்று வரும். இந்த முறை முள்ளியவளையில் ஓர் ஆச்சி ஒரு பின்னேரம் திண்ணையில் இருந்து எனக்குச் சொல்லித்தந்தது. "எல்லா உப்பையும் ஒரே நாளில குடுத்தா மிளகாய் கோவிச்சுக்கொண்டு சுருங்கிப்போகும் பிள்ளை" என்றார். எத்தனையோ வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தேன், கூலியும் வாங்கினேன். ஆச்சியின் பெயரை ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை. அவர் மோசம்போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். அவருடைய மகள் ஒரு தரம் வந்திருந்து, கடைசி வரிசையில் இருந்து அழுதார்.

சரி, செய்யவேண்டியது. இரண்டு பொதியையும் பக்கத்தில் வைத்து முன்பக்கம், பின்பக்கம் தெளிவாகப் படம் எடுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் வைத்திருங்கள். நீங்கள் அந்த வரிகளை முதலில் அச்சடித்த திகதியைக் காட்ட அச்சகத்துப் பற்றுச்சீட்டைத் தேடுங்கள். பிறகு ஆள் அனுப்பாமல் நீங்களே போய், பின்பக்க வரிகளையும், உங்கள் படத்தையும் எடுத்துப் போட்டிருந்தால் அதையும், மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தூளைப் பற்றி அன்றைக்குப் பேசவேண்டாம். மாற்றாவிட்டால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடப்பது, தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு பகுதியையும் இருத்தி இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். அங்கே நான் கேட்கச் சொல்வது இரண்டு. ஒரு வருடத்துக்கு நீங்கள் கொடுக்கும் கடைகளில் அவள் கொடுக்காமல் இருப்பது. அந்த "இன்னொன்றை" மூன்றாம் ஆளுக்குச் சொல்லாமல் இருப்பது. சட்டம் இதைக் கட்டாயமாக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் முகம் பார்த்துக் கேட்டால் சம்மதிக்கக்கூடும்.

உங்கள் பெயரையும் அடையாளத்தையும் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிந்துகொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கலாம். "வன்னிக் கறித்தூள்" என்ற சொற்கள் தனியாக உங்களுக்குக் கிடைக்காது, இடப் பெயரும் பொருட் பெயரும் எல்லோருக்கும் வேண்டும். அதோடு நீங்கள் வைத்த தனிப் பெயரைப் பதியுங்கள். பதியாவிட்டாலும், வாங்குபவர் உங்களுடையது என்று மாறி எடுக்கும்படி அவள் பொதி செய்திருந்தால் நியாயமற்ற போட்டி என்று கேட்க 160ஆம் பிரிவில் இடம் உண்டு. ஆனால் பதிவு இருந்தால் வாதம் சுருங்கும்.

"இனி யாரையும் வேலைக்கு வைக்கமாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வையுங்கள். வழமையான சரக்கை அவர்கள் வறுக்கட்டும். உங்களுடைய அந்த ஒன்றை மட்டும் முதல் நாள் இரவு நீங்களே வறுத்து, நீங்களே நிறுத்து, பொட்டலமாகக் கட்டி வையுங்கள். மில்லுக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் சின்ன கிரைண்டரில் அரைத்துக் கடைசியில் கலவுங்கள். வேலைக்கு வரும் நாளிலேயே அரைப் பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் சொல்லுங்கள், நான் வகுப்பில் கொடுக்கும் மாதிரி ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்து உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளலாம்.